டிசைன் வகுப்பின் சட்டதிட்டமும் தொழிலாளி வீட்டுப் பிள்ளையும்

டிசைன் படிப்பு என்றால் சேலைக்குப் பூப்போடுகிற வேலைதானே என்று தோழர்கள் பலர் கேட்கிறார்கள். அது மட்டுமல்ல. கதிர் அரிவாளின் பிடி எப்படி இருந்தால் கையில் கொப்புளம் போடாது? மில்லில் மிஷினை நிறுத்தும் பித்தான் எந்த இடத்தில் இருந்தால் ஆபத்து நேரத்தில் கை எட்டும்? பஸ் படிக்கட்டு எவ்வளவு தாழ்ந்திருந்தால் கிழவி ஒருத்தி பிறர் கைபிடிக்காமல் ஏறுவாள்? இதையெல்லாம் யோசித்து, வரைந்து, செய்து பார்த்துத் திருத்துவதுதான் டிசைன், அதாவது வடிவமைப்பு. உழைப்பாளியின் உடம்போடு இவ்வளவு நெருங்கிய படிப்பு வேறு எத்தனை உண்டு?

இந்திய சர்க்கார் கேட்டுக்கொண்டதன் பேரில் அமெரிக்காவிலிருந்து வந்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற தம்பதிகள் 1958-ல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். இந்த நாட்டில் தாங்கள் பார்த்த பொருள்களில் மிகச் சிறந்ததாக, மிக அழகானதாக அவர்கள் எதைச் சொன்னார்கள் தெரியுமா? ராஜாவின் சிம்மாசனத்தை அல்ல. லோட்டாவை, தண்ணீர்ச் சொம்பை! இடுப்பில் வைத்தால் எப்படி, தலையில் வைத்தால் எப்படி, விலை என்ன, கடைசியில் பழைய உலோகமாக விற்றால் என்ன கிடைக்கும் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து எழுதினார்கள். அதைத் தொடர்ந்து 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உண்டாயிற்று. சொம்பைப் பற்றிப் படிக்கும் வகுப்பில் சொம்பு சுமந்தவள் மகள் உட்கார முடிகிறதா? நாம் பேச வந்தது அதைப் பற்றி.

நுழைவுத் தேர்வு, கல்விக் கட்டணம் என்ற இரண்டு மதில்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அவற்றைத் தாண்டி உள்ளே போன பிள்ளையின் கையில் முதல் நாள் ஒரு தாள் கொடுக்கிறார்கள். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆலைத் தோழர்களுக்குப் புரியும்படி சொன்னால், அது மாணவரின் ஸ்டாண்டிங் ஆர்டர். கல்லூரிக்குக் கல்லூரி வாசகம் மாறும். சாரம் இதுதான்: நூற்றுக்கு 75 நாள் வருகை வேண்டும். மூன்று முறை தாமதித்தால் ஒரு நாள் இல்லை என்று கணக்கு. கெடு தவறிய வேலைக்கு மார்க் குறையும், அல்லது கிடையாது. விமர்சன நாளில் வராதவருக்குப் பூஜ்யம். சாமான்களை மாணவரே கொண்டு வர வேண்டும். மடிக்கணினி அவசியம். பிறர் வேலையைக் காப்பியடித்தால் தண்டனை.

நாம் கட்டுப்பாட்டுக்கு விரோதிகளா? இல்லை. சங்கு ஊதியதும் மிஷின் முன் நிற்கிறவனுக்கு நேரத்தின் மதிப்பை யாரும் போதிக்க வேண்டியதில்லை. டிசைன் என்பது புத்தகத்தை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதும் படிப்பல்ல. கையால் செய்து, பக்கத்து மேஜைக்காரன் செய்வதைப் பார்த்து, ஆசிரியர் கைபிடித்துக் காட்டக் கற்கும் படிப்பு. வராதவனுக்கு அது வராது. பட்டறையைக் கூட்டி வைத்துவிட்டுப் போ, கத்தியை மூடி வை என்ற விதிகளும் சரியே. இதில் நமக்கு ஆட்சேபமில்லை.

ஆனால் ஆலையின் ஸ்டாண்டிங் ஆர்டர் எப்படி வந்தது? முதலாளி தன் இஷ்டத்துக்கு எழுதி ஒட்டிய காலம் இருந்தது. 1946-ல் சட்டம் வந்தது. அதன்படி விதிகளின் நகலைத் தொழிற்சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும், அதன் ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும், அதிகாரி அத்தாட்சி செய்ய வேண்டும், பெரும்பாலான தொழிலாளிகளுக்குத் தெரிந்த பாஷையிலும் வாசலில் ஒட்ட வேண்டும். (2020-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு, 300 பேருக்குக் குறைவான ஆலைகளை இந்தக் கட்டாயத்திலிருந்து விடுவித்துவிட்டது. அது வேறு சண்டை.) மாணவரின் தாளுக்கு இதில் எது உண்டு? ஆங்கிலத்தில் அடித்துக் கொடுத்து, கையெழுத்துப் போடு என்கிறார்கள். ஆட்சேபம் கேட்பார் யார்?

கேட்டால் வெளிவரும் விஷயம் இது: அந்தத் தாளில் பாதி விதிகள், வீட்டில் காசு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதியவை. மவுண்ட் போர்டு, மார்க்கர் பேனா, கட்டர் கத்தி, கலர் பிரிண்ட் என்று வாரந்தோறும் செலவு. ஒரு மாதிரி உடைந்தால் திரும்ப வாங்க வேண்டும். மூன்று மாதிரி செய்து பார்த்தவன் நன்றாகச் செய்வான். ஒன்றுக்கு மட்டும் அட்டை வாங்க முடிந்தவன் முதல் தவற்றோடு நிற்பான். மார்க் போடும்போது "முயற்சி போதாது" என்று எழுதுகிறார்கள். எதன் முயற்சி போதவில்லை? கையினுடையதா, பையினுடையதா?

மடிக்கணினிக்குக் கணக்குப் பார்ப்போம். கனமான வரைபட மென்பொருள் ஓட 60,000 ரூபாய் மெஷின் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அந்த நூறு நாளும் முழுசாகக் கிடைத்து, ஒரு பைசா செலவழிக்காமல் வைத்திருந்தாலும் 33,600. ஏறக்குறைய 179 நாள் கூலி சேர்ந்தால்தான் அந்த ஒற்றை வரி விதி நிறைவேறும்!

இதற்கெல்லாம் கல்லூரி என்ன செய்யும் என்பார்கள். செய்து காட்டிய பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. 1919-ல் ஜெர்மனியின் வைமர் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் அது. இன்று டிசைன் கற்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் அதன் பெயரைச் சொல்லித்தான் பாடம் தொடங்குகிறது. யுத்தத்தில் தோற்ற நாடு. மாணவர் வயிற்றில் பசி. பள்ளிக்கூடமே சமையற்கூடம் நடத்தியது, காய்கறித் தோட்டம் போட்டது. அங்கே 1920-ல் படிக்கச் சேர்ந்தார் யோசப் ஆல்பர்ஸ். வீடுகளுக்கு வர்ணம் அடிக்கும் கைத்தொழிலாளியின் மகன். சாமான் வாங்கக் காசில்லை. முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர்க் குப்பைமேட்டுக்குப் போய், உடைந்த கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி வந்து கண்ணாடிச் சித்திரம் செய்தார். பள்ளிக்கூடம் அவரை விரட்டவில்லை. 1923-ல் முதல் வருஷ மாணவருக்குப் பாடம் சொல்ல அவரையே வைத்தது. அவர் போட்ட விதியைக் கேளுங்கள். வகுப்புக்குப் பழைய செய்தித்தாள் கட்டுடன் வருவார். ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, வீணாக்காமல் இந்தக் காகிதத்திலிருந்து எதையாவது செய்யுங்கள் என்பார். கோட்டை செய்தவன், கப்பல் செய்தவன் எல்லாரையும் விட்டுவிட்டு, தாளை வெறுமனே மடித்து நிமிர்த்தி நிற்க வைத்தவனைப் பாராட்டினார். காகிதத்தின் பலத்தை அவன்தான் கண்டுபிடித்தான் என்பது அவர் அபிப்பிராயம். அந்த வகுப்பில் பணக்காரன் மகனுக்கும் ஏழை மகனுக்கும் ஒரே சாமான், ஒரே எடை. யார் மூளை வேலை செய்தது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

பௌஹவுஸ் சொர்க்கமல்ல. பெண்கள் பலரை, உங்களுக்கு நெசவுதான் சரி என்று தறிப் பக்கம் தள்ளிவிட்ட பள்ளிக்கூடம்தான் அதுவும். ஆனால் 1928 முதல் 1930 வரை அதன் தலைவராயிருந்த ஹன்னஸ் மேயர், பெர்னாவ் என்ற ஊரில் தொழிற்சங்கங்களின் பயிற்சிப் பள்ளிக் கட்டிடத்தை மாணவரையும் சேர்த்துக்கொண்டு உருவாக்கினார். வகுப்பில் என்ன வேலை கொடுக்கிறோம் என்பதும் ஒரு விதிதான். 1933-ல் நாஜிகளின் நெருக்கடியில் அந்தப் பள்ளி மூடப்பட்டது.

இனி விமர்சன நாள். அன்று எல்லோர் வேலையையும் சுவரில் மாட்டி, ஆசிரியரும் மாணவரும் வெளிப்படையாகப் பேசுவார்கள். இது மிக நல்ல முறை. நமது கிளைக் கூட்டங்களில் பழகியதுதான்: வேலையைக் கண்டி, ஆளை அவமதிக்காதே. ஆனால் அங்கே பேச்சுக்கு மார்க் உண்டு, பேச்சு ஆங்கிலத்தில். நாற்காலியின் கால் ஏன் ஆடுகிறது என்பது தச்சன் மகளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். தமிழில் சொன்னால் மார்க் உண்டு என்று அந்தத் தாளில் ஒரு வரி போட்டால் எந்த வானம் இடிந்து விழும்?

தாமதம் பற்றிய விதியும் அப்படியே. விடுதியிலிருந்து நடந்து வருகிறவனுக்கும் இரண்டு பஸ் மாறி வருகிறவளுக்கும் ஒரே கணக்கு. வருகை குறைந்தால் பல பல்கலைக்கழகங்களில் பணம் கட்டி மன்னிப்பு வாங்கலாம். மன்னிப்புக்கும் விலை!

காப்பியடிக்காதே என்ற விதியை மனமார ஆதரிக்கிறோம். கம்ப்யூட்டர் வரைந்த படத்தைத் தன் கை வேலை என்று காட்டுவதும் அந்த விதியில் அடங்க வேண்டும். ஆனால் கள ஆய்வு என்று காஞ்சிபுரத்துக்கும் ஆரணிக்கும் போய் நெசவாளியின் பேட்டு, கரை, கட்டத்தைப் படம் பிடித்து வந்து தன் பெயரில் மாட்டினால்? அதற்கும் அதே தண்டனை உண்டா? நெசவாளியின் பெயரையும் ஊரையும் எழுதாத வேலைக்கு மார்க் இல்லை என்று விதி வரட்டும்.

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. வகுப்புக்குக் கட்டாயமென்று சொல்லும் சாமானை வகுப்பிலேயே கொடுக்க வேண்டும். கணினிக் கூடம் ராத்திரியிலும் திறந்திருக்க வேண்டும். பெண்களைப் பத்திரமாக விடுதி சேர்ப்பது கல்லூரியின் பொறுப்பு. தாள் தமிழிலும் வேண்டும், மாணவர் பிரதிநிதிகளைக் கேட்டபின் வேண்டும். பட்டறைக்கு வரும் சாமான் பற்றுச்சீட்டுகளை மாணவர் சங்கம் பார்க்கலாம் என்றும் இருக்கட்டும். கணக்குப் பார்ப்பதில் நம் பிள்ளைகள் சளைத்தவர்கள் அல்ல.

சேர்க்கைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தாளின் அடியில் 'பெற்றோர் கையொப்பம்' என்று ஒரு கோடு இருக்கும். உடனே பேனாவை எடுக்காதீர்கள். வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லுங்கள். முதல் வருஷம் சாமானுக்கு எவ்வளவு ஆகும், இல்லாதவருக்குக் கல்லூரி என்ன தருகிறது என்று கேளுங்கள். பதிலை அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.