வீடில்லாதவனுக்கு ஜாமீன் யார்?

புளியறையிலிருந்து சில வாலிபர்கள் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்கள். இருக்க வீடில்லாமல் சாவடியிலும், கடைத் திண்ணையிலும், பஸ் ஸ்டாண்டிலும் படுத்துக் கிடக்கும் மக்களுக்காகவும், செய்யாத குற்றத்திற்காக ஜெயிலில் அடைபட்டுக் கிடப்பவர்களுக்காகவும் ஒரு சங்கம் ஆரம்பிக்க உத்தேசித்திருக்கிறார்களாம். அதைக் கேட்ட ஊர்ப் பெரியவர்கள், "பிச்சைக்காரனுக்கும் திருடனுக்கும் ஒரு சங்கமா? அவனவன் தலையெழுத்து, அதை மாற்ற நீங்கள் யார்?" என்று பரிகாசம் செய்கிறார்களாம். அதே பெரியவர்கள்தான் குருப்பெயர்ச்சிக்கு அன்னதானம் என்று வீடு வீடாய் ஏறி ரூபாய் வசூலித்துப் போனார்களாம். இதன் மீது நம்முடைய அபிப்பிராயம் என்ன என்று கேட்கிறார்கள்.

நமது அபிப்பிராயம் இதுதான். சங்கத்தை நாளைக்கே ஆரம்பியுங்கள். ஆனால் அதைப் புண்ணியத்திற்காகச் செய்யும் தர்மமாக மாத்திரம் ஆரம்பிக்காதீர்கள்.

வீடில்லாதவன் சங்கதி வேறு, குற்றமில்லாமல் ஜெயிலில் இருப்பவன் சங்கதி வேறு என்று சிலர் நினைக்கலாம். யோசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வியாதியே ஆகும். இரவில் ஒரு கடையில் பூட்டு உடைகிறது என்று வைத்துக்கொள்ளுவோம். போலீசார் முதலில் யாரைத் தேடுவார்கள்? மாடி வீட்டில் மெத்தையில் தூங்கியவனையா? எதிர்த் திண்ணையில் சாக்கை விரித்துப் படுத்திருந்தவனைத்தானே! "நேற்று ராத்திரி நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்டால், "இவன் இங்கேதான் இருந்தான்" என்று சொல்ல மனைவியில்லை, அண்டை வீட்டானில்லை, வீடே இல்லை. கோர்ட்டார் தயவு செய்து ஜாமீன் கொடுத்தாலும், சொத்துள்ள இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு வீட்டு வரி ரசீது வேண்டும். வரி ரசீது வைத்திருக்கிறவன் திண்ணைக்காரனுக்குக் கையெழுத்துப் போடுவானா? ஆகவே பணக்காரன் ஜாமீனில் வீடு போகிறான். ஏழை ஜாமீன் உத்தரவைப் பெற்றுக்கொண்டே ஜெயிலில் இருக்கிறான்.

இது கற்பனையல்ல. 2022 ஆம் வருஷக் கடைசியில் இந்திய ஜெயில்களில் இருந்தவர்கள் சுமார் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர். அதில் விசாரணை முடியாமலே அடைபட்டிருந்தவர்கள் சுமார் 4 லட்சத்து 34 ஆயிரம் பேர். அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல். இவர்கள் அத்தனை பேரும் நிரபராதிகள் என்று நாம் சொல்ல வரவில்லை. குற்றவாளிகள் என்று அப்போது எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லி முடிக்கவில்லை என்றுதான் சொல்லுகிறோம்.

1978 ஆம் வருஷத்தில் மோத்திராம் என்ற ஒரு கொத்தனாரை ஜாமீனில் விடும்படி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. கீழ்க் கோர்ட்டு மாஜிஸ்டிரேட்டோ பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அவருடைய சகோதரர் முன்வந்தபோது, "உன் சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது, செல்லாது" என்று தள்ளிவிட்டார். மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன பிறகுதான், ஆயிரம் ரூபாய்க்கு அவருடைய சொந்தக் கையெழுத்தே போதும் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்த்தார். வேறு பாஷைக்காரன், வேறு பிராந்தியத்துக்காரன் அயலூரில் பிடிபட்டால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவான் என்றும் அவர் கேட்டார். இந்தக் கேள்வி புளியறைக்காரர்களுக்குப் புரியாமலிருக்குமா? புளியறை உள்ளிட்ட செங்கோட்டைத் தாலுகா 1956 நவம்பர் 1 ஆம் தேதி வரையில் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்ததாக இருந்தது. அதற்குப் பிறகு எல்லைக்கோடு விழுந்து, செக்போஸ்ட்டும் வந்துவிட்டது. கூலிக்கு மலைக்கு அந்தப்பக்கம் போகும் நம் ஆள் புனலூரில் பிடிபட்டால், அங்கே அவனுக்குக் கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்?

நிற்க, தலையெழுத்துக்காரர்கள் சங்கதிக்கு வருவோம். சிலப்பதிகாரத்தைப் பண்டிதர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அதில் கோவலன் கொலையுண்டது எதனால்? மதுரைக்குப் புதியவன், சொந்த வீடில்லாமல் இடைச்சேரியில் ஒண்டியிருந்தவன், இவன் யோக்கியன் என்று சொல்ல அவ்வூரில் ஆளில்லாதவன். தட்டான் சொன்ன ஒரு சொல்லை நம்பிய ராஜா, சாட்சியுமில்லாமல் விசாரணையுமில்லாமல் வெட்டச் சொல்லிவிட்டான். காரணம் இவ்வளவு வெளிச்சமாய் இருக்க, நூல் சொல்லுகிற காரணம் என்ன? முன் ஜென்மத்தில் கோவலன் பரதன் என்பவனாக இருந்து, சங்கமன் என்ற ஒரு வியாபாரியை ஒற்றன் என்று பொய்யாய்க் காட்டிக்கொடுத்துக் கொல்லச் செய்தானாம்; அந்த வினைதான் இதுவாம்! அப்படியானால் அந்த சங்கமன் எந்த ஜென்மத்து வினையால் செத்தான்? அதற்கும் முந்திய ஜென்மத்தில் யாரைக் காட்டிக்கொடுத்தான்? இப்படியே பின்னால் போய்க்கொண்டிருந்தால் ராஜாவும் தப்பினான், தட்டானும் தப்பினான், வெட்டினவனும் தப்பினான். செத்தவன் ஒருவன் மாத்திரமே குற்றவாளி! அதோடும் நின்றதா? பிராயச்சித்தம் என்று சொல்லிக் கொற்கையிலிருந்த செழியன் ஆயிரம் தட்டார்களைப் பலியிட்டானாம். ஒரு தட்டான் செய்த குற்றத்திற்கு ஒன்றுமறியாத ஆயிரம் பேர் கழுத்து! இதற்குப் பெயர் நீதியாம்.

அது பழங்கதை என்று யாராவது சொல்ல வந்தால், இதையும் கேட்கட்டும். 2003 ஆம் வருஷத்தில் மராட்டிய நாட்டில் நாசிக் பக்கம் ஒரு கொள்ளையும் கொலைகளும் நடந்தன. நிலையான குடியிருப்பில்லாத நாடோடி ஜாதியைச் சேர்ந்த ஆறு பேர் அதற்காகப் பிடிக்கப்பட்டார்கள். 2009 இல் சுப்ரீம் கோர்ட்டே அந்த ஆறு பேருக்கும் தூக்கு என்று தீர்த்தது. 2019 மார்ச்சில் அதே சுப்ரீம் கோர்ட்டு, ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுதலை செய்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி சர்க்காருக்கு உத்தரவிட்டது. கண்ணால் பார்த்த சாட்சி, போலீசார் காட்டிய படங்களிலிருந்து வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்ததும், அந்த நால்வர் மீது நடவடிக்கையே இல்லாமல் போனதும் அப்போது தெரியவந்தது. பதினாறு வருஷம்! தலையெழுத்து பேசும் பெரியவர்களை நாம் கேட்கிறோம்: 2009 இல் இருந்த தலையெழுத்தை 2019 இல் அழித்தது யார்? கடவுளா, வழக்கைத் திரும்பப் படித்துப் பார்த்த மனிதர்களா?

"இப்படிச் சங்கம் வைத்தால் நிஜத் திருடனும் தப்பித்துக்கொள்ளுவானே" என்று சிலர் பயப்படுகிறார்கள். திருடாதவன் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் திருடினவன் வெளியே சௌக்கியமாய் இருக்கிறான் என்பதை இவர்கள் ஏன் யோசிப்பதில்லை? நிரபராதிக்காக வாதாடுகிறவன்தான் நிஜக் குற்றவாளியைத் தேடச் சொல்லுகிறவன்.

"சிறுபிள்ளைகளால் என்ன ஆகும்?" என்பது அடுத்த பரிகாசம். 1993 இல் சென்னையில் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள், புத்தி கலங்கித் தெருவில் திரிந்த பெண்களுக்காக 'பானியன்' என்ற ஸ்தாபனத்தை ஆரம்பித்தார்கள். பானியன் என்றால் ஆலமரம். அவர்கள் வைத்தியமும் இருப்பிடமும் கொடுத்தார்கள். தர்காவில் தெய்வ சக்தியால் குணமாகும் என்று நம்பி ஏர்வாடிக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் கதி என்ன ஆயிற்று? 2001 ஆகஸ்டு 6 ஆம் தேதி அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அமெரிக்காவில் 1992 இல் நியூயார்க் சட்டக் கல்லூரி ஒன்றில், மாணவர்களைத் துணை வைத்துக்கொண்டு இரண்டு வக்கீல்கள் ஒரு வேலையை ஆரம்பித்தார்கள். டி.என்.ஏ. பரிசோதனையினால் அந்நாட்டில் இதுவரை 350 பேருக்கு மேல் நிரபராதிகள் என்று ருசுவாகி வெளியே வந்திருக்கிறார்கள். சிறுபிள்ளைகளால் ஆனது இது. பெரியவர்களால் ஆனது குருப்பெயர்ச்சி!

புளியறையில் பெரிய கூட்டம் கூடுவது தட்சிணாமூர்த்திக்கு. அந்தச் சாமி ஆலமரத்தடியில் உட்கார்ந்திருப்பதாகத்தான் புராணம் சொல்லுகிறது. மரத்தடியில் இருப்பதாகச் சொல்லப்படும் சாமிக்குக் கருங்கல்லில் வீடு கட்டினோம். மரத்தடியில் நிஜமாகவே படுத்திருக்கும் மனிதனுக்கு ஓர் ஓலைக் கொட்டகையாவது போட்டோமா?

இளைஞர்களுக்கும் சில வார்த்தை. சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்துப் போட்டோ பிடித்துக்கொண்டு போவது சங்க வேலையல்ல. அது ஏழையின் மானத்தை விலைக்கு வாங்குவதாகும். ஜெயிலில் இருப்பவன் எவனானாலும், வருமானக் கணக்குப் பாராமல் சர்க்கார் செலவில் வக்கீல் வைத்துக்கொள்ள 1987 ஆம் வருஷச் சட்டம் இடம் கொடுக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு போதும். ஜாமீன் உத்தரவாகி ஒரு மாதத்திற்குள் ஜாமீன் கொடுக்க முடியாதவனுக்கு நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிக் கோர்ட்டாரே யோசிக்கலாம் என்று 2023 இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 479 ஆவது பிரிவுப்படி, முன்பு எந்தக் குற்றத்திற்கும் தண்டனை பெறாதவன், உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் இருந்துவிட்டால் வெளியே விடப்பட வேண்டும்; தூக்கு, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட குற்றமோ பல வழக்கோ நிலுவையில் உள்ளவனுக்கும் இது பொருந்தாது. நகரங்களில் ஒரு லட்சம் ஜனத்தொகைக்கு நூறு பேராவது தங்கும் விடுதி வேண்டும் என்பது 2013 இல் தொடங்கிய சர்க்கார் திட்டத்தில் வைத்திருந்த அளவு. இவையெல்லாம் காகிதத்தில் இருக்கின்றன. திண்ணையில் படுத்திருப்பவனுக்கு இவற்றை யார் படித்துச் சொல்லுவது? உங்கள் சங்கத்தின் முதல் வேலை அதுதான். இரண்டாவது வேலை, வரி ரசீது உள்ள பத்துப் பேரைப் பிடித்து, "தெரிந்தவனுக்கு மாத்திரமல்ல, நிரபராதி என்று விசாரித்து அறிந்தவனுக்கும் ஜாமீன் நிற்பேன்" என்று சொல்ல வைப்பது.

தோழர்களே! அன்னதானத்திற்கு ரூபாய் கேட்டு வருகிறவரிடம் இனிமேல் ஒரு கேள்வி கேளுங்கள்: "சோறு போடுவது இருக்கட்டும், ஜாமீனுக்குக் கையெழுத்துப் போடுவீரா?" என்று. அதற்கு அவர் சொல்லும் பதிலிலிருந்தே, அவருக்கு வேண்டியது மனிதனா, மோட்சமா என்பது வெளியாகிவிடும். நமக்கு வேண்டியது மனிதனேயாகும்.