கொலை வழக்கு விசாரணையில் தூங்கிய வக்கீல்!
மரண தண்டனையை ரத்து செய்தது அமெரிக்க அப்பீல் கோர்ட்டு

கோர்ட்டிலே வக்கீல் தூங்கினால் கட்சிக்காரர் கதி என்ன? அமெரிக்காவில் ஒரே அப்பீல் கோர்ட்டு, 10 மாதத்துக்குள் இதற்கு இரண்டு விதமாகத் தீர்ப்பு சொன்னது.

இது பற்றிய விவரம் வருமாறு:-

டெக்சாஸ் மாகாணம் ஹூஸ்டன் நகரில் நடந்த கொலை வழக்கில், பர்டைன் என்பவருக்கு 1984-ம் ஆண்டு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவருக்குக் கோர்ட்டே வக்கீல் அமர்த்திக் கொடுத்தது. விசாரணை நடக்கும்போதே அந்த வக்கீல் பல தடவை தூங்கி வழிந்தார். 3 ஜூரிகளும், கோர்ட்டு குமாஸ்தாவும் பின்னால் இதைச் சாட்சி சொன்னார்கள்.

எப்போது தூங்கினார்?

1999-ல் கீழ்க்கோர்ட்டு நீதிபதி தண்டனையை ரத்து செய்தார். சர்க்கார் அப்பீல் செய்தது. 2000-ம் ஆண்டு அக்டோபரில் 3 நீதிபதிகள் விசாரித்தனர். வக்கீல் முக்கியமான கட்டத்தில்தான் தூங்கினார் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2 பேர் கைவிரித்து விட்டனர்.

2001 ஆகஸ்டில் 14 நீதிபதிகள் கொண்ட முழு பெஞ்சு தீர்ப்பு கூறியது. தூங்குகிற வக்கீல் இருந்தும் இல்லாத மாதிரிதான் என்று 9 பேர் கூறினர். 5 பேர் ஒப்பவில்லை.

விடுதலை இல்லை

கொலை செய்தாரா, இல்லையா என்பதை அப்பீல் கோர்ட்டு பார்க்கவில்லை. விசாரணை ஒழுங்காக நடந்ததா என்றுதான் பார்த்தது. 2002-ல் சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்தது. 2003-ல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். உயிர் தப்பியது.

கையில் காசு இருப்பவன் விழித்திருக்கும் வக்கீலாகப் பார்த்து வைத்துக்கொள்வான். இல்லாதவன் என்ன செய்வான்? அவனுக்கும் விழித்திருக்கும் வக்கீல் வேண்டும் என்று சொல்ல 17 வருஷம் ஆயிற்று!