இரண்டு டிஸ்க், ஓர் உயிர்

கேமரன் மலைத் தோட்டங்களில் இப்போது கொழுந்து எடுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு விரலால் கிள்ளிய காலம் எங்கள் குடும்பத்தில் பாட்டியோடு போயிற்று. இன்று செங்குத்தான சரிவில் கத்தரி, மற்ற இடங்களில் இருவர் பிடிக்கும் இயந்திரம். செடி வரிசையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரே நடையாக நடக்கிறார்கள். பின்னால் பை ஊதிக்கொண்டே வருகிறது. கையால் நாள் முழுக்கக் கிள்ளினாலும் அந்த வேகம் வராது. ஆனால் ஒருவருக்குக் கால் சறுக்கினால், எதிர்ப்பக்கத்து ஆள் எவ்வளவு திடமாக நின்றாலும் இயந்திரம் அங்கேயே நின்றுவிடும்.

மலையிலுள்ள தானா ராத்தாவிலிருந்து அக்காள் மகன் போனில் அழைத்துப் பேசியபோது அந்த இயந்திரம்தான் என் கண்முன் வந்தது.

“மாமா, ரெண்டு டிஸ்க்ல ஒண்ணு நல்லாத்தான் இருக்காம். ஆனா அதுலேர்ந்து ஒரு படம்கூட எடுக்க முடியாதுன்னு சொல்றாங்க.”

எங்கள் தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் என்று பிரிந்து பல காலமாகிறது. மூன்று ஆண்டுகளாக அவன் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினான். கல்யாண வீடியோ கேசட்டுகள், தைப்பூசக் காவடிப் படங்கள், பள்ளிக்கூடக் குழுப்படங்கள் எல்லாவற்றையும் வாங்கிக் கணினியில் ஏற்றினான். மலை ஈரத்தில் கேசட்டில் பூஞ்சணம் பிடித்துவிடும். தள்ளிப்போட முடியாத வேலை அது. கூடவே வயதானவர்களை உட்காரவைத்துப் பேசச் சொல்லிப் பதிவுசெய்தான். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, மேற்பார்க்கும் மண்டோரின் அதட்டல், லயத்தில் நடந்த பிரசவம் என்று அவர்கள் மணிக்கணக்கில் பேசினார்கள். 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கிய ஜே.ஏ. ரஸ்ஸலின் பெயரைப் புத்தகங்கள் சொல்லும். இந்தச் சரிவுகளில் செடி நட்ட நம் ஆட்களின் பெயரைச் சொல்ல இந்தக் குரல்கள்தாம் இருந்தன.

எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தது. அட்டையில் ‘8 டெராபைட்’ என்று போட்டிருந்த, கணினியோடு வயரில் இணைக்கும் பெட்டி. உள்ளே இருந்ததோ 4 டெராபைட் டிஸ்க் இரண்டு. கடையிலிருந்து வரும்போதே அவை ‘ஸ்ட்ரைப்பிங்’ முறையில் ஒன்றாகக் கோக்கப்பட்டிருந்தன. அவனிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. ஒரு மாலை இடி இடித்து மின்சாரம் போய்ப் போய் வந்தது. மறுநாள் ஒரு டிஸ்க் சுற்றவில்லை.

ஸ்ட்ரைப்பிங் என்பது இதுதான். நீங்கள் சேமிக்கும் எதையும் கணினி சிறு துண்டுகளாக வெட்டி, முதல் துண்டை ஒரு டிஸ்கிலும் அடுத்ததை மற்றதிலும் மாற்றி மாற்றி எழுதும். துண்டு 64 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், 4 மெகாபைட் படம் ஒன்று 64 துண்டாகி, டிஸ்குக்கு 32 என்று போய் உட்காரும். ஒரு கடிதத்தின் ஒற்றைப்படை வரிகளை ஒரு வீட்டிலும் இரட்டைப்படை வரிகளை இன்னொரு வீட்டிலும் வைத்ததுபோல. ஒரு வீடு எரிந்தால் மிஞ்சுவது பாதிக் கடிதம் அல்ல. வாசிக்க முடியாத தாள். ‘பாதிப் படங்களாவது தேறுமா?’ என்று அக்காள் கேட்டுக்கொண்டே இருந்தாள். தேறாது.

பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் ‘ரெய்ட்’ முறைக்குப் பெயர் வந்தது 1988இல் வெளியான ஒரு கட்டுரையால். பெர்க்லியில் இருந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகிய மூவரின் கட்டுரை அது. விலை மலிவான டிஸ்குகள் பழுதாகும், பழுதானாலும் தகவல் பிழைக்கவேண்டும் என்பதே அவர்கள் கவலை. 1 முதல் 5 வரை ஐந்து முறைகளை விவரித்தார்கள். ஸ்ட்ரைப்பிங்கை மட்டும் செய்யும் முறை அந்த ஐந்தில் இல்லை. ‘ரெய்ட் 0’ என்ற பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. அந்தச் சுழி, பாதுகாப்பு சுழி என்பதையே சொல்கிறது.

கணக்கும் அதையே சொல்கிறது. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடம் ஓடும் டிஸ்குகளின் பழுதுக் கணக்கை 2013 முதல் வெளியிட்டு வருகிறது. ஆண்டுக்கு நூற்றில் ஒன்றரை என்ற அளவில் அவை சாகின்றன. அதே வீதத்தில் ஐந்தாண்டுக்குப் பாருங்கள்: ஒரே டிஸ்க் என்றால் இழப்புக்கு வாய்ப்பு நூற்றில் 7. இரண்டைக் கோத்தால் 14. நான்கைக் கோத்தால் 26.

இந்த ஆபத்துக்கு ஈடாகக் கிடைப்பது வேகம். அது பொய்யல்ல. சுற்றும் டிஸ்க் ஒன்று நொடிக்கு 200 மெகாபைட் படிக்குமென்றால் இரண்டு சேர்ந்து ஏறக்குறைய 400 படிக்கும். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுபவர், மூலப் பதிவை வேறிடத்தில் வைத்துக்கொண்டு இதில் வேலை மட்டும் செய்தால், அவருக்கு இது நல்ல கருவி. வீட்டுக் கணினிக்கு அப்படி இல்லை. நம் வேலையில் பெரும்பாலும் சின்னச் சின்னக் கோப்புகள். டிஸ்கைப் படிக்கும் முள் இடம் தேடி நகர்வதில்தான் நேரம் போகிறது, எத்தனை டிஸ்கைக் கோத்தாலும் அந்தத் தேடல் குறையாது. 2004லேயே ஆனந்த்டெக் என்ற இணையதளம் நிமிடத்துக்கு 10,000 சுற்று ஓடும் ராப்டர் டிஸ்குகள் இரண்டைக் கோத்துச் சோதித்து, வீட்டுக் கணினியில் சொல்லும்படியான பலன் இல்லை என்று எழுதிவிட்டது. இன்றைக்குச் சுற்றும் தட்டே இல்லாத சாதாரண எஸ்எஸ்டி ஒன்றே நொடிக்கு 500 மெகாபைட்டுக்கு மேல் படிக்கிறது. வேகம் வேண்டுமா, அதை வாங்குங்கள்.

மலைக்காற்றுதான் டிஸ்கைக் கெடுத்தது என்று ஒருவர் சொன்னார். இல்லை. டிஸ்கின் முள் காற்றில் மிதந்தபடி ஓடுவது உண்மை. ஆனால் 3,000 மீட்டர் உயரம் வரை ஓடும்படிதான் இவற்றைச் செய்கிறார்கள். தானா ராத்தா அதில் பாதிகூட இல்லை, அங்குள்ள குளிரும் டிஸ்கைக் கெடுக்காது. பயப்படவேண்டியது இடிக்கும், போய்வரும் மின்சாரத்துக்கும். மின்சாரம் போனாலும் சற்று நேரம் தாங்கும் யுபிஎஸ் ஒன்று கட்டாயம் வேண்டும்.

அதே பெட்டியை இரண்டு டிஸ்கிலும் ஒரே பிரதியை எழுதும் முறைக்கு, அதாவது ரெய்ட் 1க்கு, மாற்றியிருந்தால் ஒன்று செத்திருந்தாலும் குரல்கள் பிழைத்திருக்கும். இடம் பாதியாகும், ஆகட்டும். அதுவும் முழுக் காப்பல்ல. கை தவறி அழித்தால் இரண்டிலும் அழியும், இடி விழுந்தால் இரண்டும் போகும். பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் சொன்ன கணக்குத்தான் எனக்குச் சரியாகப் படுகிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். மலையில் ஒன்று இருந்தால் ஈப்போவில் மகள் வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

கோலாலம்பூரில் மீட்டுத் தரும் கடையொன்றில் பெட்டியைக் கொடுத்திருக்கிறான். பல ஆயிரம் ரிங்கிட் கேட்கிறார்கள், உறுதி தரவில்லை. கேசட் இருப்பவற்றைத் திரும்ப ஏற்றிவிடலாம். பேசிய பெரியவர்களில் சிலர் இப்போது இல்லை.

உங்கள் வீட்டில் இரண்டு டிஸ்க் உள்ள பெட்டி இருந்தால் இன்றிரவே கணினியில் அதன் கொள்ளளவைப் பாருங்கள். 8 டெராபைட் என்று விற்ற பெட்டி விண்டோஸில் ஒரே டிரைவாக 3.6 என்று காட்டினால் இரண்டு பிரதி இருக்கிறது. 7.2 என்று காட்டினால் ஒன்றுதான் இருக்கிறது. நாளை மாலை மழைக்கு முன்னால் இன்னொரு டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் நகலெடுத்துவிடுங்கள்.