கோலாலம்பூருக்கு வராத வட கொரியா

2025 ஜூலையில் கோலாலம்பூரில் நடந்த ஆசியான் வட்டார மன்றக் கூட்டத்துக்கு வட கொரியா வரவில்லை. 2000-ஆம் ஆண்டு அந்த மன்றத்தில் சேர்ந்ததிலிருந்து அது வராமல் போனது இதுவே முதல் முறை. கூட்டத்தை நடத்திய மலேசியாவுடன் அதற்குத் தூதரக உறவு இல்லாததே காரணம் எனக் கருதப்படுகிறது.

நிபோங் திபாலில் இருப்பவர்களுக்கு இது தூரத்துச் செய்திதான். பாரிட் புந்தாருக்குப் போய் வருபவர்களுக்கு மாநில எல்லையைத் தாண்டுகிறோம் என்ற நினைப்புகூட வருவதில்லை. கொரியாவில் 1953 போர் நிறுத்தத்துக்குப் பிறகு அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் என்று ஆகிவிட்டது. வடக்கில் உள்ள உறவுகளைப் பார்க்கத் தென் கொரியாவில் 1 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்தனர். பெரும்பாலோர் இப்போது உயிரோடு இல்லை. கடைசிச் சந்திப்பு நடந்தது 2018 ஆகஸ்டில். சயாம் மரண ரயில் வேலைக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்த தோட்டத்துக் குடும்பங்களுக்கு இந்த வலியை விளக்கத் தேவையில்லை.

ஒரு காலத்தில் வட கொரியா வெளியுலகோடு பேச வந்து உட்கார்ந்த இடம் கோலாலம்பூர். 1995-இல் அணு உலை, 2000-இல் ஏவுகணை என அமெரிக்காவுடன் இங்கே பேசியது. 2002-இல் ஜப்பானுடனும் பேசியது. மலேசியர்கள் விசா இல்லாமலே பியோங்யாங் போக முடிந்தது.

எல்லாம் 2017 பிப்ரவரி 13-இல் மாறியது. வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னின் அண்ணன், வேறு தாய்க்குப் பிறந்த கிம் ஜோங் நாம், கேஎல்ஐஏ 2 விமான நிலையத்தில் நச்சு பூசிக் கொல்லப்பட்டார். அடுத்த மாதம் ஒன்பது மலேசியர்கள் பியோங்யாங்கை விட்டு வெளியேற முடியாமல் தவித்தனர். சடலத்தை ஒப்படைக்க மலேசியா இணங்கிய பிறகே அவர்கள் வீடு திரும்பினர். 2021 மார்ச்சில் வட கொரியர் ஒருவரை மலேசியா அமெரிக்காவிடம் ஒப்படைத்ததும் உறவே முறிந்தது. அது நீதிமன்றம் வரை போய் முடிவான விவகாரம்; மலேசியாவைப் பெரிதாகக் குறை சொல்ல இடமில்லை.

இழப்பு மட்டும் உண்மை. டிரம்பும் கிம்மும் சந்திக்க 2018-இல் சிங்கப்பூரும் 2019-இல் ஹனோயும்தான் இடம் கொடுத்தன.

மறுபடி தூதரகம் திறந்தால் கொரியா ஒன்றாகிவிடுமா? ஆகாது. மறு இணைப்பு என்ற கொள்கையையே கிம் 2023 இறுதியில் கைவிட்டார். பியோங்யாங்கில் இருந்த மறு இணைப்பு வளைவும் இடிக்கப்பட்டது. ஆனாலும் முதியவர்களின் சந்திப்பு போன்ற சின்ன விஷயத்துக்குக்கூட இரு தரப்பும் நம்பும் மூன்றாவது இடம் வேண்டும். வட கொரியாவுடன் உறவைத் தொடரும் வியட்நாம், இந்தோனேசியா வழியாக விஸ்மா புத்ரா முதலில் பேசிப் பார்க்கலாம். பெயர் பதிந்து இன்னும் உயிரோடு இருப்பவர்களில் பலர் 80 வயதைத் தாண்டிவிட்டார்கள்.