அழித்தாலும் அழித்தாலும் திரும்பி வரும் மஞ்சள் லைட்!

தாம்பரத்தில் வசிக்கும் அந்தக் குடும்பத்துக்கு அடுத்த வாரம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். ஐந்து பேர், ஏழு வருடப் பழைய பெட்ரோல் கார், போவதற்கு மட்டுமே சுமார் 600 கிலோமீட்டர். கிளம்ப ஐந்து நாள்கள் இருக்கும்போது மீட்டரில் அந்த இன்ஜின் வடிவ மஞ்சள் லைட் மறுபடியும் எரிந்தது. ஒரே மாதத்தில் மூன்றாவது முறை!

முதல் இரண்டு முறையும் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் செருகி, கோடை அழித்து, “சென்சார் கோளாறு சார், ஒண்ணும் இல்ல” என்று 300 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். லைட் அணைந்தது. மூன்று நாள்களில் திரும்பி வந்தது. இந்த முறை வேறு ஒர்க்‌ஷாப் போனால், “கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போயிடுச்சு, 40,000 ஆகும்” என்றார்கள். வீட்டில் கல்யாணச் செலவுப் பேச்சு அப்படியே நின்றுபோனது.

அழித்த லைட் ஏன் உடனே எரியாமல், சில நாள் கழித்து எரிகிறது? காரில் இருக்கும் கம்ப்யூட்டர் பெரும்பாலான கோளாறுகளை ஒரே தடவையில் நம்பிவிடாது. ஒரு பயணத்தில் பார்த்ததைக் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த பயணத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் லைட்டைப் போடும். அழித்துவிட்டால் இந்தக் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். அந்த இடைவெளியைத்தான் ‘சரியாகிவிட்டது’ என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டும் வைத்தியமும் பெரும்பாலும் இதே கதைதான். உண்மையிலேயே கோளாறு நீங்கியிருந்தால், மூன்று பயணங்களில் அது தென்படாதபோது லைட் தானாகவே அணையும்.

அழிப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. லைட் எரிந்த நொடியில் வண்டி என்ன வேகம், இன்ஜின் எவ்வளவு சூடு, ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டிருந்தது என்ற விவரங்கள் கோடுடன் சேர்ந்து பதிவாகியிருக்கும். ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்பார்கள். மெக்கானிக்குக் கிடைக்கும் ஒரே சாட்சி அதுதான். அழித்தால் அதுவும் போச்சு!

இந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது காலேஜ் படிக்கும் மகள். இரண்டாவது முறை ஸ்கேனரைச் செருகியபோதே திரையை போனில் படம் எடுத்து வைத்திருந்தார். அதில் இருந்தது பி0303. மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று அர்த்தம். 40,000 ரூபாய் சொன்ன இடத்தில் காட்டிய கோடு பி0420. கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற புகார் அது. “அப்பா, மழை பேஞ்ச மறுநாள் காலையிலதான் ஒவ்வொரு தடவையும் எரியுது. வண்டியும் லேசா குலுங்குது” என்றார்.

நான்காவதாகப் பார்த்த மெக்கானிக் இதைக் கேட்டதும் கன்வெர்ட்டரைத் தொடவே இல்லை. மூன்றாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி முதல் சிலிண்டரில் மாட்டினார். அங்கிருந்ததை இங்கே மாட்டினார். இரண்டு நாள் ஓட்டச் சொன்னார். மறுபடி லைட் எரிந்தபோது கோடு பி0301 என மாறியிருந்தது. கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. காயிலில் மயிரிழை விரிசல். ஈரம் பட்டதும் மின்சாரம் கசிந்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு எந்தப் புது பாகமும் வாங்க வேண்டியதில்லை. பொறுமைதான் வேண்டும், அதற்குத்தான் பல இடங்களில் பில் போடத் தெரியவில்லை.

கன்வெர்ட்டர் மேல் ஏன் பழி வந்தது? மிஸ்ஃபயர் ஆகும்போது எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதைக்குள் போய், கன்வெர்ட்டருக்குள் எரிந்து அதைச் சூடாக்கும். இப்படியே ஓட்டினால் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பாகம் உருகிவிடலாம். புதிய கன்வெர்ட்டர் போட்டிருந்தாலும், காயிலை மாற்றாதவரை அதற்கும் அதே கதிதான்.

அதனால் லைட் எப்படி எரிகிறது என்று பார்க்க வேண்டும். விடாமல் எரிந்தால், வண்டி வழக்கம்போல் ஓடும்பட்சத்தில், விரட்டாமல் ஒர்க்‌ஷாப் வரை போகலாம். விட்டு விட்டு மின்னினால் அது கடுமையான மிஸ்ஃபயர். வேகத்தைக் குறைத்து, ஓரம்கட்டி, இழுத்துப்போக ஏற்பாடு செய்வதே நல்லது. ஆயில் அல்லது டெம்பரேச்சர் சிவப்பு லைட் எரிந்தால் யோசிக்கவே வேண்டாம், இன்ஜினை உடனே நிறுத்த வேண்டும்.

இன்னொன்று, இந்தியாவில் 2013 முதல் கார்களுக்குக் கட்டாயமான ஓபிடி-2 முறையின் முக்கிய வேலை புகையைக் கண்காணிப்பதுதான். வண்டி நன்றாக ஓடும்போதே லைட் எரிவதற்குக் காரணம் இதுதான்.

புது காயிலும் நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் மாற்றியபிறகு பி0420 கோடும் திரும்பி வரவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய நாள் அதிகாலை நான்கு மணிக்குக் குடும்பம் கிளம்பியது. விழுப்புரம் தாண்டும்வரை அப்பாவின் கண் ரோட்டைவிட மீட்டரில்தான் அதிகம் இருந்தது என்கிறார் மகள்.