யாருக்கு இந்தக் கூழைக்கும்பிடு?

கோடைக்கானல் மலைமேல் பள்ளங்கியில், சென்ற பனிக்காலத்தில், ஒரு தங்கல் விடுதியில் வெந்நீர் வரவில்லை. விடுதியின் பெயர் வேண்டா, குற்றம் அவ்வொருவருடையதன்று. பூண்டுக் கொல்லைகளுக்கு நடுவே விடுதி நடத்துபவர் தமிழர். தங்கிச் சென்றவர் மதுரைத் தமிழர். ஊர் திரும்பிய மதுரையார் இணையத்தில் ஆங்கிலத்தில் முறையிட்டார். விடுதியாரும் ஆங்கிலத்திலேயே மறுமொழிந்தார். "டியர் சார்" என்று மும்முறை வணங்கினார். "சாரி பார் த இன்கன்வீனியன்சு" என்று குனிந்தார். ஈற்றில், 'நீ முன்னரே கேட்டிருக்க வேண்டும்' என்று பொருள்பட ஓர் ஆங்கிலத் தொடரை எழுதி முடித்தார். மதுரையார் கொதித்தார்.

தமிழீர்! விடுதியார் நெஞ்சில் இருந்தது என்ன? "முன்னரே கேட்டிருக்கலாமே, ஐயா! அடுப்பிலேனும் காய்ச்சித் தந்திருப்போமே!" என்பதுதான். அந்த ஏகாரத்தில் எத்துணைப் பரிவு! அவ் 'ஐயா'வில் எத்துணைக் குழைவு! நீ வேறு, நீங்கள் வேறு, தாங்கள் வேறு எனப் படி வகுத்த மொழி நம் மொழி. ஆங்கிலத்திலோ மூன்றுக்கும் ஒரே 'யூ'. அம்மொழி தன் பணிவை வேறிடத்தில் வைத்திருக்கிறது. நேரே சொல்லாது சுற்றிச் சொல்லும், ஏவலை வினாவாக்கும், 'வெந்நீர் இல்லையென அஞ்சுகிறேன்' என்னும். எதற்கும் அஞ்சாத வெள்ளையன்தான் அப்படி எழுதுவான்! அது அவன் தாய்மடியில் கற்ற வழக்கு. நம்மவர் பள்ளியில் கற்றவை சொற்கள், அவ்வழக்கன்று. ஆகவே, குழைய வேண்டிய இடத்தில் அதட்டுகிறார். இயல்பாய்ப் பேச வேண்டிய இடத்தில் காலில் விழுகிறார்.

(ஆங்கிலத்துப் 'பிளீசு'க்கு ஈடாகத் 'தயவு செய்து' என்பதையும் ஒட்டிக்கொண்டோம். 'அமருங்கள்' என்பதில் இல்லாத பணிவா அதில் இருக்கிறது?)

காலில் விழும் இவ்வழக்கம் நேற்று வந்ததன்று. வெள்ளையர் ஆட்சிக் காலத்து அலுவல் மடல்கள் "யுவர் மோசுட்டு ஒபீடியண்ட்டு சர்வண்ட்டு" என்று முடிந்தன. ஆங்கிலேய அலுவலர் தமக்குள்ளும் அப்படித்தான் எழுதிக்கொண்டனர். அவர்களுக்கு அது வெறுஞ்சடங்கு. நம் பாட்டன் எழுதியபோதோ, அது அவன் வாழ்வின் உண்மை நிலை! "டூ த நீட்புல்" என்னும் தொடரை இங்கிலாந்தார் பழங்கந்தலென எறிந்துவிட்டனர். நம் அலுவலகங்கள் அதை இன்றும் துவைத்து உடுத்துகின்றன. தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்தது 1956-இல். ஒரு வாளி வெந்நீருக்கு முறையிட மட்டும் இன்னும் ஆங்கிலம் வேண்டுமாம்!

வடநாட்டாரும் வெளிநாட்டாரும் வருகின்றனரே என்பீர்கள். வரட்டும். அவர்களுக்கு ஆங்கிலத்தில் நிமிர்ந்து, சுருக்கமாக எழுதுங்கள். என்ன நேர்ந்தது, என்ன செய்தோம், பணம் எவ்வளவு திருப்பித் தருகிறோம் என்பன போதும். மதுரையார்க்கும் கோவையார்க்கும் ஏன் ஆங்கிலம்? இனியவை கூறலுக்கெனப் பத்துக் குறள் வகுத்த மொழியில், வெந்நீர்க் கலம் பழுதானதைச் சொல்லவா சொல் இல்லை?

விடுதி நடத்தும் தமிழீர், இன்றிரவே உங்கள் பழைய மறுமொழிகளைப் படித்துப் பாருங்கள். எங்கெங்கே குனிந்தீர்கள், எங்கெங்கே அறியாமல் அதட்டினீர்கள் என எண்ணுங்கள். தமிழர்க்கு எழுதியவற்றை அழித்துவிட்டுத் தமிழில் எழுதுங்கள்.