மூன்று கோடு இல்லாத அணில்

சிங்கப்பூரில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் பலருக்கு அணில் முதலில் கதையில்தான் அறிமுகமாகிறது. கடலில் பாலம் கட்ட மணல் சுமந்து உதவிய அணிலை இராமர் தடவிக்கொடுத்தாராம். அவருடைய விரல்கள் பட்ட இடத்தில் மூன்று கோடுகள் விழுந்தனவாம். கதையைக் கேட்ட கையோடு அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே வந்து பார்த்தால் ஏமாற்றந்தான். மரத்தில் ஓடும் அணிலின் முதுகில் ஒரு கோடுகூட இல்லை. பாலம் கட்டிய நாளில் விடுப்பு எடுத்த அணிலின் பரம்பரை போலும் என்று குறும்புக்காரப் பிள்ளைகள் சொல்லக்கூடும்.

உண்மையில் அது வேறு இனம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பரவலாகக் காணப்படும் இந்த அணிலுக்கு விலாவில்தான் பட்டைகள் உண்டு. ஒன்று கறுப்பு, மற்றொன்று வெளிர் நிறம். வயிறு செம்பழுப்பு. ஆங்கிலத்தில் இதற்கு வாழையை ஒட்டிய பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால், பழம், பூ, பூச்சி எனக் கிடைப்பதையெல்லாம் அது தின்னும்.

இந்த அணிலின் வாழ்க்கையைக் கற்பனை செய்து பார்ப்பது நல்ல பொழுதுபோக்கு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் விண்ணப்பித்துவிட்டு அது பல ஆண்டுகள் காத்திருப்பதில்லை. சுள்ளிகளையும் இலைகளையும் கொண்டு மரக்கிளையிலேயே கூடு கட்டிக்கொள்கிறது. பின்னங்கால்களைப் பின்புறமாகத் திருப்ப முடிவதால் தலைகீழாகவே மரத்திலிருந்து இறங்குகிறது. எனவே, மின்தூக்கி பழுதாகிவிட்டதென்று நகர மன்றத்திற்குப் புகார்க் கடிதம் எழுத வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்துத்தான் அவற்றைத் தேய்க்க வேண்டும். "எந்நேரமும் கொறிக்கிறாயே!" என்று அணில் வீட்டில் எந்தத் தாயும் பிள்ளையைக் கண்டிக்க மாட்டாள், பல் மருத்துவருக்கான செலவு மிச்சமாகிறதே!

விலங்குகளுக்கு மனித எண்ணங்களை ஏற்றிச் சொல்வது அறிவியலுக்குப் பொருந்தாது என்று சிலர் கூறுவர். அது சரிதான். ஆயினும், அணிலைப் பற்றி நகைச்சுவையாக எழுத விரும்பும் மாணவர் முதலில் அதை நின்று பார்த்தாக வேண்டும். பூனை வரும்போது அது வாலை எப்படி ஆட்டுகிறது, எப்படிக் கத்துகிறது என்று கவனிக்க வேண்டும். பாராமல் செய்யும் கற்பனைதான் சிக்கல். பனிக்காலத்திற்காகக் கொட்டைகளைச் சேர்த்து வைக்கும் அணில் மாணவர் கட்டுரைகளில் எட்டிப் பார்ப்பதுண்டு. டிசம்பர் மாதம் சிங்கப்பூரில் கொட்டுவது மழைதான்! அந்த அணில் மரத்திலிருந்து வரவில்லை. கேலிச்சித்திரப் படத்திலிருந்து வந்தது.

இன்னொரு கற்பனையும் உண்டு. "பாவம், பசியோடு இருக்குமே!" என்பது அது. அன்பினால் எழும் எண்ணந்தான். ஆனால், அதைத் தொடர்ந்து ரொட்டியும் பிஸ்கட்டும் வந்துவிடுகின்றன. மனிதர் கையால் உண்டு பழகிய அணிலுக்கு அச்சம் விட்டுப்போகிறது. அது பூனைகளும் மிதிவண்டிகளும் கார்களும் திரியும் தரைக்கு இறங்கி வருகிறது. 2020ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி, அனுமதியின்றி வனவிலங்குகளுக்கு உணவளிப்பது குற்றம். முதன்முறை பிடிபடுவோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். ஒரு ரொட்டித் துண்டுக்கு இது சற்றுக் கூடுதலான விலைதான்!

அணிலுக்குத் தேவை ரொட்டியன்று, மரங்கள். அதுவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் மரங்கள். தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகள் சாலைக்கு மேலே கைகோத்திருந்தால், அணில் தரையைத் தொடாமலேயே அடுத்த பக்கம் போய்விடும். அந்தக் கிளையை வெட்டிவிட்டால், மேம்பாலத்தை முன்னறிவிப்பின்றி மூடியது போலத்தான். அதைப் பற்றிப் புகார் செய்ய அணிலுக்கு எந்தத் தொலைபேசி எண்ணும் இல்லை.

அணிலும் மனிதர்களைப் பற்றிக் கற்பனை செய்யுமானால் என்ன நினைக்கும்? பேருந்து நிறுத்தத்திற்கு மேலே உள்ள கிளையில் உட்கார்ந்து அது வியந்துகொண்டிருக்கலாம். "இந்தப் பெரிய விலங்குகளின் கையில் எந்நேரமும் தட்டையான ஒரு கொட்டை இருக்கிறது. ஓயாமல் அதையே உற்றுப் பார்க்கின்றன, விரலால் தேய்க்கின்றன. ஆனால், ஒன்றுகூட இதுவரை அதைக் கடித்துப் பார்த்ததில்லை."